வேலியும் விழிப்பும்

யாழ்ப்பாணத்துக் குடிமனைகளைப் பற்றி எழுதப் புகுந்தவர் எவரும் வேலியைச் சொல்லாது விடுவதில்லை. கிளுவை, முள்முருக்கு, பூவரசு முதலியவற்றைக் கதியால்களாக நட்டு, இடைவெளியைப் பனையோலையாலோ கிடுகாலோ அடைத்து, ஓலை உக்கிய காலத்து அதனைப் புதுக்கி வருவது நம் முன்னோர் வழக்கம். அவ்வேலி ஆடு மாடுகளை மறித்தது. வீட்டின் மறைவைக் காத்தது. தோட்டத்துக்குக் குழையும் உதவிற்று. ஊர்ப் பகைக்கும் அதுவே வித்தாயிற்று. இரவோடிரவாகக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டார் என்ற வழக்குகள் உடன்பிறந்தாரையும் நீதிமன்றப் படியேற்றியதுண்டு.

ஆயினும் அதே வேலியில் ‘பொட்டு’ என ஒன்று இருந்ததை இளைய தலைமுறையினர் பலர் அறியார். இரண்டு வளவுக்கும் நடுவே ஆள் குனிந்து நுழையத்தக்க சிறு வழி அது. அடுப்புக்குத் தணல் எடுக்கவும், கறிக்குத் தேங்காய்ப் பாதி இரவல் வாங்கவும், காய்ச்சலாய்க் கிடக்கும் பிள்ளையைப் பார்க்கவும் பெண்கள் அவ்வழியே போய்வந்தனர். ஒரு வீட்டில் அபாயக் குரல் எழுந்தால், ஒழுங்கையைச் சுற்றி வாராது அயலார் ஓடிவந்ததும் அவ்வழியேதான்.

இன்று பல ஊர்களில் ஓலைவேலி போய் மதில் வந்துவிட்டது. மதிலில் பொட்டு இல்லை. மதிலை நாம் குறைகூற வந்தோமல்லோம். ஓலையும் ஆளுந் தேடி அலைந்தவர்க்கு அது பெரும் ஆறுதல். ஆனால், மதிலுக்கு அப்பால் இரவில் நடப்பதைக் கவனிப்பார் யார், அங்கே அழுகித் தேங்கி நிற்பதைத் துப்புரவாக்குமாறு சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்னும் இரு வினாக்கள் அம்மதிலோடு கூடவே எழுந்துள்ளன. அயற்காவல் என்றும் வளவுத் துப்புரவு என்றும் நாம் வேறு வேறாகப் பேசிவரும் இவ்விரண்டும் ஒரே கடமையின் இரு பக்கங்கள் என்பதையும், அக்கடமையை ஆற்றும் முறை பிழைத்தால் காவலே கேடாய் முடியும் என்பதையும் இங்கு எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

ஒரு பழைய சட்டம்

இங்கிலாந்தின் முதலாம் எட்வேட் மன்னன் 1285ஆம் ஆண்டில் வின்செஸ்ரர் என்னும் நகரில் ஒரு சட்டம் பிறப்பித்தான். பொழுது சாய்ந்தது முதல் பொழுது புலரும் வரை நகர வாயில்கள் அடைக்கப்படல் வேண்டும். கோடை மாதங்களில் ஒவ்வொரு வாயிலிலும் அறுவர் இரவெல்லாம் விழித்திருத்தல் வேண்டும். சிற்றூர்களிலும் குடித்தொகைக்கு ஏற்ப நால்வரோ அறுவரோ காவல் நிற்றல் வேண்டும் என அது விதித்தது. களவு நிகழ்ந்தால் கள்வனைப் பிடித்துக் கொடாத வட்டாரத்தார் அனைவரும் இழப்புக்குப் பொறுப்பாளிகள் என்றும் கூறியது.

அதே சட்டத்தில் மற்றொரு விதியும் உண்டு. ஒரு சந்தை நகரிலிருந்து மற்றொரு சந்தை நகருக்குச் செல்லும் பெருவழியின் இருமருங்கும் 200 அடி தூரத்துக்குக் கள்வர் பதுங்கத்தக்க பள்ளமோ பற்றையோ இருத்தலாகாது. ஓக் மரங்களையும் பெருமரங்களையும் வெட்டவேண்டியதில்லை. நிலக்கிழான் பற்றையை அழிக்கத் தவறி, அவ்விடத்தில் வழிப்பறி நிகழுமாயின், அதற்கு அவனே விடை கூறல் வேண்டும்.

இச்சட்டத்தை வகுத்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டிருந்தனர். காவலாளி விழித்திருந்தாலும் பற்றை அடர்ந்திருந்தால் அவன் கண்ணுக்கு எதுவுந் தென்படாது. பற்றையை வெட்டிவிட்டுக் காவலை மறந்தாலும் பயனில்லை. இடத்தைப் பேணுதலும் இடத்தைக் காத்தலும் ஆகிய இரண்டையும் அவர்கள் ஒரே ஏட்டில் எழுதி வைத்தமைக்குக் காரணம் இதுவேயாம்.

தமிழர் கண்ட காவல்

இரவுக்காவல் தமிழர்க்குப் புதியதொன்றன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில், கள்வரின் தந்திரங்களையெல்லாம் அறிந்த ஊர்க்காவலர் நள்ளிரவில் மழை பெய்து தெருவில் வெள்ளம் ஓடும் வேளையிலும் சோராது சுற்றி வரும் காட்சியைக் காண்கின்றோம். சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்ற சொல் பயில்கிறது. ஊரைக் காக்கும் பொறுப்பையும் அதன்பொருட்டு ஊரார் செலுத்திய இறையையும் அது குறித்தது.

முதலாம் பராந்தக சோழன் காலத்தனவாகிய, 919ஆம், 921ஆம் ஆண்டுகளுக்குரிய உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் தோட்டத்துக்கு ஒரு வாரியம், ஏரிக்கு ஒரு வாரியம் என ஊரின் உடைமைகளைப் பேணக் குழுக்கள் இருந்தமையைக் கூறுகின்றன. குடவோலை முறையால் ஆண்டுதோறும் உறுப்பினர் தெரியப்பட்டனர். அண்மைய 3 ஆண்டுகளுக்குள் பதவி வகித்தவர் மீண்டும் நிற்க இயலாது. முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாது விட்டவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். அச்சபை பிராமணர்க்கு மட்டும் உரியதாய் இருந்தது. அதனை எல்லார்க்கும் பொதுவான மன்றமாக நாம் போற்றுதற்கில்லை. ஆயினும், ஊர்ப்பணி செய்பவன் ஊருக்குக் கணக்குக் காட்டல் வேண்டும், ஒருவரே நெடுங்காலம் அதிகாரத்தைப் பற்றியிருத்தல் ஆகாது என்னும் இரு கொள்கைகளும் இன்றும் நமக்கு வேண்டப்படுவனவே.

அவ்விரண்டும் இல்லாதபோது நேர்வது யாது என்பதற்கும் தமிழ்நாடே சான்று. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளில் ஊர்க்காவல் வழிவழி உரிமையாயிற்று. காவற்கூலி கொடுத்தவர் வீடு தப்பியது. கொடாதவர் மாடு பட்டியிலிருந்து மறைந்தது. மறைந்த மாட்டை மீட்கத் ‘துப்புக்கூலி’ என்று தனியே ஒரு பணம் கொடுக்க வேண்டியிருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதையாயிற்று காவல். மனம் பொறாத குடியானவர்கள் 1896இல் மதுரை மாவட்டத்தில் அதற்கெதிராகத் திரண்டெழுந்தனர்.

ஊரார் கண் ஓய்ந்தது

நவீன அரசுகள் தோன்றியபின் காவற்பொறுப்பு ஊராரிடமிருந்து உத்தியோகத்தரிடம் சென்றது. இலண்டன் மாநகரில் 1829இல் சேர் றொபேட் பீல் என்பவர் சம்பளம் பெறும் பொலிஸ் படையை நிறுவினார். இலங்கைக் கிராமங்களில் அமைதி காக்கும் பொறுப்பு நெடுங்காலம் விதானைமாரிடம் இருந்தது. அந்தத் தலைமைக்கார முறை 1963இல் ஒழிக்கப்பட்டு, அரசாங்க உத்தியோகத்தராகிய கிராம சேவகர் வந்தனர். இன்று அவர்களைக் கிராம அலுவலர் என்கின்றோம். கிராமச் சங்கங்கள் போய், 1987ஆம் ஆண்டின் சட்டத்தால் பிரதேச சபைகள் அமைந்தன. இம்மாற்றங்களில் நன்மை பல. வழிவழி வந்த அதிகாரத்தின் கொடுமை நீங்கிற்று. ஆனால், “அதைப் பார்க்க ஆள் இருக்கிறது” என்ற எண்ணமும் ஊரார் மனத்தில் வேரூன்றிற்று.

மேல்நாட்டாரும் இவ்வெண்ணத்தின் தீங்கை உணர்ந்தனர். ஐக்கிய அமெரிக்காவில் ஷெரிப் எனப்படும் மாவட்டக் காவல் அதிகாரிகளின் தேசியச் சங்கம் 1972இல் அயற்காவல் இயக்கத்தைத் தொடங்கிற்று. பிரித்தானியாவில் முதல் அயற்காவற் குழு 1982இல் செஷயர் மாவட்டத்து மொலிங்ரன் என்னும் சிற்றூரில் அமைந்தது. அங்கே வேலை எளியது. தத்தம் உடைமைகளுக்கு அடையாளமிடுதல், வெளியூர் சென்றவர் வீட்டின்மேல் கண் வைத்தல், ஐயத்துக்கிடமானதைப் பொலிசாருக்கு அறிவித்தல் என்பனவே அது. தடியேந்தித் திரிதல் அதன் நோக்கமன்று.

கைவிட்ட நிலமும் களவும்

பேணாத இடம் குற்றத்தை அழைக்குமா என்பது அறிஞரிடை நெடுநாள் வழக்கு. அமெரிக்கரான ஜேம்ஸ் வில்சன், ஜோர்ஜ் கெல்லிங் என்னும் இருவர் 1982இல் ஒரு சஞ்சிகையில் எழுதிய கட்டுரை பெரும்புகழ் பெற்றது. உடைந்த யன்னற் கண்ணாடி ஒன்றை மாற்றாது விட்டால், இங்கே கேட்பாரில்லை என்பது வெளிப்பட்டு, மற்றைக் கண்ணாடிகளும் விரைவில் உடைபடும் என்பது அவர்கள் வாதம். அதனை மேற்கோளாகக் கொண்டு, சிறு குற்றங்களுக்கெல்லாம் ஏழைகளையும் கறுப்பினத்தவரையும் மறித்துச் சோதிக்கும் வழக்கம் சில நகரங்களிற் பெருகியது. அதனாற் கண்டனமும் எழுந்தது.

ஆனால் மனிதரை மறிக்காது இடத்தை மட்டும் திருத்திப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. பிலடெல்பியா நகரில் கைவிடப்பட்ட 541 வெற்றுநிலங்களை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் குப்பையை அகற்றிப் புல்லும் சில மரங்களும் நட்டுத் தாழ்ந்த மரவேலி இட்டனர். சிலவற்றை இருந்தவாறே விட்டனர். 2018இல் வெளிவந்த முடிவின்படி, வறிய அயல்களில், திருத்தப்பட்ட நிலங்களைச் சூழத் துப்பாக்கி வன்செயல் ஏறத்தாழ 29 வீதம் குறைந்திருந்தது. நிலத்தைச் சீர்செய்ததன்றி எவரையும் அங்கே அதட்டியதில்லை. அவர்கள் இட்ட வேலி ஆள் தாண்டக்கூடிய தாழ்ந்த வேலி என்பதும் கருதத்தக்கது. இந்நிலத்தைக் கவனிப்பார் உளர் என்று சொல்லுவதே அவ்வேலியின் வேலை, மறைப்பதன்று.

நுளம்புக்கு மதில் இல்லை

நம் நாட்டில் இக்கடமையை உயிர்ப் பிரச்சினையாக்கியது டெங்கு. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். 400க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசிரியத் தொழிலில் உள்ள நாம், மாரிகாலத்து வகுப்பறையில் வெறுமையாய்க் கிடக்கும் இருக்கைகளைக் காணும்போது, அந்த எண்களுக்கு முகம் உண்டு என்பதை உணர்கின்றோம்.

டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு சதுப்பிலும் சாக்கடையிலும் பிறப்பதன்று. நம் வளவுகளிற் பிறப்பது. சிரட்டை, தகரப்பேணி, பழைய ரயர், பூச்சாடித் தட்டு, கூரைப்பீலி, மூடாத தொட்டி ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரின் விளிம்பில் அது முட்டையிடும். நீர் வற்றினும் முட்டை பல மாதம் உயிரோடு கிடக்கும். அடுத்த மழைத்துளி பட்டவுடன் பொரிக்கும். பொரித்த குடம்பி ஒரு கிழமை அல்லது பத்து நாளில் நுளம்பாய்ப் பறக்கும். ஆகவே, கிழமைக்கொரு முறை வளவைச் சுற்றி வந்து நீர் தேங்கிய கலங்களைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் அதன் வாழ்க்கைச் சக்கரம் அறுபடும்.

இந்நுளம்பு பெரும்பாலும் தான் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீற்றருக்கு அப்பால் செல்வதில்லை. இதன் பொருளை வாசகர் ஊன்றி நோக்குதல் வேண்டும். நம் பிள்ளையைக் கடித்த நுளம்பு பெரும்பாலும் நம் வளவிலோ அயல் வளவிலோ பிறந்ததேயாம். நாம் எவ்வளவு துப்புரவாக இருப்பினும், அயலவர் ஒருவரது வளவிற் கிடக்கும் ஒரு ரயர் அதனை வீணாக்கிவிடும். நம் வளவிற் கிடக்கும் சிரட்டை அவர் பிள்ளைக்குக் கேடாகும். கதியாலை ஒரு சாண் நகர்த்தியதற்கு நீதிமன்றம் ஏறிய நாம், இந்த ஆக்கிரமிப்பைப் பெரிதாகக் கருதாதிருப்பது வியப்பே.

சட்டம் இதனைக் கருதாமலில்லை. சூழலுக்கும் உடல்நலத்துக்கும் கேடாகும்படி வளவை அழுக்கடையவிடுவதையும் பற்றை மண்டவிடுவதையும் 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் பற்றிய கட்டளைச் சட்டமே குற்றமாக்கிற்று. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், நுளம்பு பெருகும் நிலை வளவில் உண்டாகாது பார்ப்பது உரிமையாளரினதோ குடியிருப்பவரினதோ கடமை என விதிக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கவும், அறிவித்தல் கொடுக்கவும், திருந்தாதவரை நீதிமன்றத்தில் நிறுத்தவும் கூடும்.

ஆளில்லா வளவுகள்

சட்டம் யாரிடம் செல்லும்? உரிமையாளர் கடல்கடந்து இருப்பின் அறிவித்தலை எந்தக் கதவில் ஒட்டுவது? 1983க்குப் பின்னர் எத்தனையோ குடும்பங்கள் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சென்றன. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறினர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே ஓரிரவில் நடந்து தென்மராட்சிக்குச் சென்றது. திரும்பி வந்தோர் பலர் கண்டது காடு. கதியால் எது, காட்டுமரம் எது என்று தெரியாத நிலையில், கிணற்றையும் பழைய பனையையும் வைத்து எல்லையை ஊகித்தவர் உண்டு. இன்றும் ஊருக்குள்ளே பூட்டிய வீடும் பற்றை மூடிய வளவும் பல. அவற்றின் அயலிலே, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்து வாழும் முதியோரும் பலர். பக்கத்து வளவு காடாயிருப்பது அவர்களுக்கு இரவிற் கள்வர் அச்சம். பகலில் நுளம்பு அச்சம்.

வெளிநாட்டிலுள்ள உரிமையாளர் பிறரைத் தம் வளவுக்குள் விட அஞ்சுவதற்குக் காரணமும் இல்லாமலில்லை. பிறர் காணியை உரிமையாளருக்கு எதிராக 10 ஆண்டு இடையறாது ஆண்டவர் அதற்கு உரிமை கோர 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால், உரிமையாளரின் அனுமதியோடு ஒருவர் காணியைப் பார்த்துவருவது எதிர் ஆட்சியாகாது. எனவே, நம்பிக்கைக்குரிய ஒருவருக்கு அற்றோணித் தத்துவமோ எழுத்து மூலமான அனுமதியோ கொடுத்து, ஆண்டுக்கு இருமுறையேனும் பற்றை வெட்டுவித்து, கிணற்றையும் தொட்டியையும் மூடுவித்தால், காணியும் காக்கப்படும், அயலும் காக்கப்படும். போர்க்காலத்தில் தம் காணிக்கு வரமுடியாது போனோர்க்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தனிப் பாதுகாப்பும் தந்தது; 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தை அத்தகையோருக்கு எதிராகக் கணக்கிடலாகாது என்பது அதன் சாரம். ஊரிலுள்ளோர் இவற்றை உறவினருக்கு எடுத்தெழுதினால் பாதி அச்சம் நீங்கும்.

காவல் கேடாகும் விதம்

இவ்வளவுஞ் சொன்ன பின் மறுபக்கத்தையும் சொல்லாதிருத்தல் முறையன்று. 2011 ஓகஸ்ட் மாதத்தில் ‘கிறீஸ் பூதம்’ என்னும் பேரச்சம் இந்நாட்டின் பல ஊர்களைப் பிடித்தது. உடலிற் கிறீஸ் பூசிய மர்ம மனிதர் பெண்களைத் தாக்குவதாகச் செய்தி பரவ, ஆடவர் தடி பொல்லோடு இரவெல்லாம் விழித்திருந்தனர். அச்சத்துக்குக் காரணமில்லை என நாம் கூறோம். ஆனால் அந்நாட்களில் வழிப்போக்கர் பலர் ஐயத்தின் பேரில் அடியுண்டனர். புத்தளத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கூட்டத்தினரால் அடித்துக் கொல்லப்பட்டார். காவலுக்கென்று எழுந்த கை கொலைக்கையாக மாற ஒரு நாழிகையும் வேண்டியிருக்கவில்லை.

2012 பெப்ரவரி 26ஆந் திகதி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் சான்போட் நகரில், 17 வயதுக் கறுப்பின இளைஞன் ஒருவன் கடைக்குப் போய்த் தான் தங்கியிருந்த வீட்டுக்கு மீண்டுகொண்டிருந்தான். அவன் கையில் ஆயுதம் இல்லை. அக்குடியிருப்பின் அயற்காவற் தொண்டர் ஒருவர் அவனை ஐயுற்றுப் பொலிசாரை அழைத்தார். பின்தொடரத் தேவையில்லை என்று அவர்கள் சொல்லவுஞ் செய்தனர். சிறிது நேரத்தில் அவ்விளைஞன் அவர் துப்பாக்கியால் இறந்து கிடந்தான். அடுத்த ஆண்டில் நீதிமன்றம் தொண்டரைக் குற்றவாளியல்லர் என விடுவித்தது. நாடோ இரண்டுபட்டு நின்றது.

வளவு விதிகளுக்கும் இத்தகைய இருண்ட பக்கம் உண்டு. அமெரிக்காவிற் பல குடியிருப்புகளில் வீட்டுரிமையாளர் சங்கங்கள் புல்லின் உயரத்தையும் சுவரின் நிறத்தையும் விதித்துத் தண்டம் அறவிடுகின்றன. முன்னொரு காலத்தில் அத்தகைய உறுதிப் பத்திரங்களில், கறுப்பினத்தவருக்கு இவ்வீட்டை விற்கலாகாது என்றும் எழுதிவைத்தனர். ஷெல்லி எதிர் கிறேமர் என்னும் வழக்கில் 1948இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம், இத்தகைய கட்டுப்பாட்டை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றலாகாது எனத் தீர்த்தது. அயலின் அழகைக் காக்க என்று சொல்லி, வேண்டாதவரை விலக்கி வைக்கும் மனப்பான்மை எங்கும் உள்ளது. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளும் அதற்கு விலக்கல்ல. எவன் இவ்வழியே வரலாம், எவன் வரலாகாது என்று சாதி பார்த்துக் காவல் செய்த காலத்தை நாம் மறந்துவிட்டுக் காவலைப் பற்றிப் பேசுதல் நேர்மையாகாது.

எவ்வாறு செய்வது?

ஆகவே, அயற்காவலை மேற்கொள்ளும் ஊரவர் சில வரம்புகளைத் தாமே வகுத்துக்கொள்ளல் நன்று.

முதலாவது, காவலர்க்குக் கண்ணும் தொலைபேசியும் போதும், தடி வேண்டாம். தன் கண்முன் பாரிய குற்றஞ் செய்பவனைத் தனியாளும் பிடிக்க 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் இடமளிக்கிறது. பிடித்தவனைத் தாமதமின்றிப் பொலிசாரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்பதும் அச்சட்டமே. மரத்திற் கட்டிவைத்து விசாரிக்கும் உரிமையை எந்தச் சட்டமும் எவர்க்கும் கொடுக்கவில்லை. சிவில் பாதுகாப்புக் குழு இருக்கும் ஊரில் அதனோடும் பொலிஸ் நிலையத்தோடும் சேர்ந்தே இயங்குதல் வேண்டும்.

இரண்டாவது, விதி எல்லார்க்கும் ஒன்றாதல் வேண்டும். சனசமூக நிலையத் தலைவரின் வளவில் முதலிற் பரிசோதனை நடக்கட்டும். பின்னர் மற்றவர் வளவுக்குச் செல்லலாம். கோயிலும் பாடசாலையும் கடையும் விலக்கல்ல. பொறுப்பு ஆண்டுதோறும் கைமாறட்டும். சேர்ந்த பணத்துக்குக் கணக்கு வாசிக்கட்டும்.

மூன்றாவது, சட்டத்துக்கு முன்னர்ச் சொல். படலையில் நின்று, “அண்ணை, உங்கடை கிணத்தடித் தொட்டியிலை தண்ணி நிக்குது, ஞாயிற்றுக்கிழமை நானும் வாறன், சேர்ந்து துப்புரவாக்குவம்” என்று ஒருவர் சொல்லுவதற்கும், அவர் அறியாமல் அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதிப் போடுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னது மதிலிற் பொட்டு வைப்பது போன்றது. பின்னது கதியாலை நகர்த்துவது போன்றது. சொல்லியும் கேளாதவரிடத்தே பரிசோதகரும் நீதவானும் இருக்கின்றனர். அப்போது முறையிடத் தயங்கவும் வேண்டாம்.

நான்காவது, இயலாமை வேறு, அலட்சியம் வேறு. தனித்திருக்கும் மூதாட்டி கூரைப்பீலியில் ஏறிக் குப்பை எடுக்க முடியாது. கூலிக்குப் போகும் தாய்க்கு வளவைச் சுற்றிவர நேரமில்லை. அவர்களுக்குத் தண்டம் விதிப்பதாற் பயன் யாது? உதவிக்கு ஆள் அனுப்புவதே துப்புரவுக்கு வழி.

இவ்விடத்தில் மாணவர்க்கு ஒரு செய்தி. கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்தின 1958இல் தம் மாணவரை அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்னும், சமூகத்தால் ஒதுக்கப்பட்ட ஒரு கிராமத்துக்குச் சென்று அக்கிராமத்தாரோடு உழைத்தார். அதிலிருந்தே சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது. குறைகாணச் சென்றிருந்தால் அம்மாணவர்கள் திரும்பி வந்தபோது ஓர் அறிக்கை எழுதியிருப்பர். மண்வெட்டியோடு சென்றமையால் ஓர் இயக்கத்துக்கு வித்திட்டனர். விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, தம் ஒழுங்கையிலுள்ள முதியோர் வீடுகளின் பீலியையும் தொட்டியையும் பார்த்துக் கொடுக்கும் மாணவர் நால்வர் இருந்தால், அவ்வொழுங்கைக்கு அதனினும் பெரிய காவற்படை வேண்டியதில்லை. அவ்வீட்டார் இரவில் அச்சங்கொண்டு அழைக்கும்போது, ஓடிவருவோரும் அவர்களாகவே இருப்பர்.

வடகீழ்ப் பருவமழை ஒக்ரோபரில் தொடங்கி நம் வடபுலத்தை நனைக்கும். சென்ற ஆண்டு இட்ட நுளம்பு முட்டைகள் சிரட்டைகளில் அதற்காகவே காத்துக் கிடக்கின்றன. முதல் மழைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையில், குடும்பத்தார் அனைவருஞ் சேர்ந்து முதலில் தம் வளவை ஒருமுறை சுற்றி வருவாராக. பின்னர் அயல்வீட்டுப் படலையைத் தட்டி, அவர்களையும் அழைத்துக்கொண்டு, இருவருக்கும் நடுவேயுள்ள ஆளில்லா வளவை எட்டிப் பார்ப்பாராக.